நாற்பத்தோராவது ஓட்டம்

“அப்ப நான் என்னதான் பண்றது?” என்று கேட்டான் சின்னவன்.

“மூடிய எண்ணி டப்பாவுல போடு. அதுக்குக் கம்ப்யூட்டர் தேவையில்ல” என்றான் பெரியவன்.

இந்தப் பேச்சு நடந்து பதினான்கு மாதம் ஆகிவிட்டது. பட்டறையின் நடுவில், எட்டு ஆட்கள் சுற்றி நிற்க, அண்ணன் தம்பிக்குச் சொன்ன பதில் அது. ஆட்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களுக்கும் முந்தித் தானே சிரித்ததுதான் பெரியவனுக்கு இன்றைக்கும் முள்ளாகக் குத்துகிறது. சின்னவன் கையிலிருந்த அளவுகோலைத் துடைத்து மேஜையில் வைத்தான். வேறொருவன் என்றால் வீசியிருப்பான். அவனுடைய கோபம் அந்த ரகம் இல்லை. ஆறவைத்து எடுத்து வைத்துக்கொள்கிற ரகம்.

அப்பா விட்டுப்போன அச்சுப் பட்டறை அது. பிளாஸ்டிக் டப்பாவும் மூடியும் எடுக்கிற இரும்பு அச்சுகளைச் செய்வார்கள். பெரியவன் வெளியே போய் வேலை பிடித்து வருவான். சின்னவன் அச்சோடு மல்லுக்கட்டுவான். அந்த வருடம் ஒரு நீளமான மூடி இருவர் உயிரையும் வாங்கியது. அச்சிலிருந்து சூடாக வரும்போது சொன்ன பேச்சைக் கேட்கும். ஆறியதும் நான்கு மூலையும் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆறு மாதம் சின்னவன் அதைத் தேய்த்தும் மாற்றியும் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் பெரியவன் கணினி வட்டத்தில் சேர்ந்துவிட்டான்.

பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரைச் சிறு தொழில்காரர்களும் பயன்படுத்தட்டும் என்று ஆரம்பித்த ஏற்பாடுதான் வட்டம். இரும்பை வெட்டுவதற்கு முன்பே, பிளாஸ்டிக் அச்சுக்குள் எப்படிப் பாயும், எங்கே ஆறும், எங்கே முறுக்கும் என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு சோதனைக்கும் ஓட்டம் என்று பெயர். கணினி நேரத்தை வட்டம் இலவசமாகத் தரும். கற்றதை மற்ற உறுப்பினர்களுக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் கூட்டத்திலேயே பெரியவன் சொக்கிப்போனான். அந்தச் சொக்கலில் வந்த வார்த்தைதான் மூடியை எண்ணிப் போடச் சொன்னது.

அன்று சாயங்காலமே சின்னவன் கிளம்பினான். அம்மாவும் தன் பையை எடுத்துக்கொண்டு அவனோடு நடந்தாள். பெரியவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. படி இறங்கும்போது சின்னவன் மட்டும் நின்றான். அம்மாவைப் பார்க்க வேண்டுமானால் தன்னிடம் வந்து கேட்க வேண்டும், வாயைத் திறந்து கேட்க வேண்டும், கேட்காமல் தன் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

பெரியவன் கேட்கவில்லை. இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று பத்து மாதம் போயிற்று. ஒரு நாள் பிளாஸ்டிக் குருணை மூட்டை இறக்க வந்தவர், “உங்கம்மாவுக்கு இப்ப பரவால்லையா?” என்று பேச்சுவாக்கில் விசாரித்தார். அம்மாவுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது என்பது அப்படித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு தடவை சின்னவன் குடியிருக்கும் கட்டடத்துக்கு எதிரே போய் நின்றான். நான்காவது மாடி பால்கனியில் ஒரு சக்கர நாற்காலி தெரிந்தது. இரண்டு தடவையும் அது காலியாகத்தான் இருந்தது. சாலையைக் கடக்காமல் திரும்பி வந்தான்.

“ஒரு வார்த்தை. கேட்டுத் தொலைங்களேன்” என்றாள் அவன் மனைவி.

“கேட்டா இல்லேம்பான். கேக்காத வரைக்கும் அந்த இல்லை இன்னும் வரல பாரு” என்றான்.

இருபது வருடம் குடித்தனம் நடத்தியும் அந்த மனுஷனுடைய கணக்கு அவளுக்குப் பிடிபடவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன், தனியாகப் பட்டறை போட்டிருந்த சின்னவனும் வட்டத்தில் சேர்ந்தான் என்ற செய்தி வந்தபோது, பெரியவன் தானாகவே ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்து, அடுத்த திறந்த நாளைத் தன் பட்டறையில் வைத்துக்கொள்ளச் சொன்னான். திறந்த நாள் என்றால் உறுப்பினர்கள் எல்லாரும் வருவார்கள். அச்சுத் தொழிலில் இருப்பவன் வராமல் இருக்க முடியாது. வருவான், கேள்வி கேட்பான், மறைக்காமல் சொல்வோம், மனசு இளகும், அந்த இளக்கத்தில் கேட்டுவிடலாம். இதுதான் பெரியவனின் திட்டம்.

“அவன் கைநிறைய அள்ளிக்கிட்டுப் போவான். நீங்க வெறுங்கையோட நிப்பீங்க” என்றாள் மனைவி. ஆனாலும் மாடி அறையைக் கூட்டித் துடைத்து, இருபது நாற்காலி போட்டு, ஜன்னலுக்குத் திரை கட்டிக் கொடுத்தாள்.

அன்று காலை பதினெட்டுப் பேர் வந்தார்கள். செருப்பின் அடிப்பாகம் செய்பவர், குழாய் மூட்டு செய்பவர், பொம்மைக்காரர் என்று எல்லாரும் தெரிந்த முகங்கள். சின்னவன் கடைசியாக வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான், நெற்றியில் முடி ஏறியிருந்தது. அண்ணியைப் பார்த்து, “வணக்கம் மேடம்” என்றான். பன்னிரண்டு வயதில் அவளிடம் தலைவாரிக்கொண்டவன் அவன். அவள் வருகைப் பதிவேட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அதில் ஒரு கட்டம் உண்டு: இந்த நிறுவனத்தோடு முன் தொடர்பு ஏதேனும் இருக்கிறதா? சின்னவன் பேனாவை எடுத்து, அழுத்தி, ‘இல்லை’ என்று எழுதினான்.

ஒருங்கிணைப்பாளர் நல்ல பெண்மணி. எதைக் கண்டாலும் சந்தோஷப்படுகிறவர். அண்ணனும் தம்பியும் ஒரே தொழிலில் போட்டியாளர்கள் என்று யாரோ காதில் போட, அறிவுப் பகிர்வுக்கு இதைவிட அழகான உதாரணம் கிடைக்காது என்று சொல்லி, கேமராவைச் சரியாக அவர்கள் இருவரும் தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னார். பிறகு விதிகளைப் படித்தார். வந்தவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நடத்துகிறவர் எதையும் மறைக்கக்கூடாது. பதிலுக்கு வந்தவர்களிடம் ஆர்டரோ உதவியோ எதுவும் கேட்கக்கூடாது. இது சந்தை இல்லை நண்பர்களே என்று முடித்தார்.

பெரியவன் திரையில் மூடியைக் காட்டினான். நீலமும் சிவப்புமாக பிளாஸ்டிக் பாய்ந்து நிரம்புகிற படம் ஓடியது. நாற்பது ஓட்டம் தோற்று, நாற்பத்தோராவது ஓட்டத்தில் மூடி தட்டையாக வந்ததைச் சொன்னான். வட்டத்தின் துண்டுப்பிரசுரத்தில் அது ‘சூப்பர் கம்ப்யூட்டர் கண்ட தீர்வு’ என்ற தலைப்பில் அச்சாகி, கதவோரம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. கைதட்டினார்கள்.

முன்வரிசையிலிருந்து சின்னவன் கை தூக்கினான். மடியில் நோட்டு, கையில் பேனா.

எத்தனை டிகிரி சூட்டில் விட்டீர்கள் சார் என்று கேட்டான். பெரியவன் சொன்னான். ஆறவைக்கும் தண்ணீர் எந்தப் பாதையில் ஓடுகிறது என்று கேட்டான். பெரியவன் பலகையில் வரைந்தே காட்டினான். கேட்காத இரண்டு அளவுகளையும் சேர்த்துச் சொன்னான். செருப்புக்காரர், விட்டால் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிடுவீர்கள் போலிருக்கிறதே என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெரியவனும் சிரித்துத் தம்பியின் முகத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இளகவில்லை.

பிறகு சின்னவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

“நாப்பது ஓட்டமும் பிளாஸ்டிக்க நடுவுலதான் விட்டிருக்கீங்க. நாப்பத்தொண்ணுல திடீர்னு ஓரத்துலேர்ந்து விட்டிருக்கீங்க. அது எப்படி சார் தோணிச்சு?”

கீழே ஒரு இயந்திரம் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. மற்ற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு மாடிப்படியில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சிரித்த இரண்டு பேரும் அதில் இருந்தார்கள்.

கணினியே சொன்னது என்று ஒரு பொய் சொன்னால் போதும். துண்டுப்பிரசுரமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் பொய் சொன்னால் இவன் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவான், அவனோடு அம்மாவும் போய்விடுவாள் என்று பெரியவனுக்குத் தோன்றியது. மனைவியைப் பார்த்தான். அவளுக்கும் இது தெரியாது.

“பழைய நோட்டு ஒண்ணுல இருந்துச்சு” என்றான்.

“யாரோட நோட்டு?”

“என் தம்பியோடது.”

ஒருங்கிணைப்பாளர் எழுந்து, அனுபவமும் கணினியும் கைகோர்ப்பதன் அழகு இதுதான் என்று ஆரம்பித்தார். அவர் முடித்துவிடட்டும் மேடம் என்று சின்னவன் மரியாதையாக அவரை உட்காரவைத்தான். அந்த நோட்டு இப்போதும் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றான் பெரியவன். அப்படியானால் அந்தப் பக்கத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டான்.

மேஜையின் அடி இழுப்பறையிலிருந்து எண்ணெய் படிந்த நோட்டைப் பெரியவனே எடுத்தான். எண்ணெயில் ஒட்டியிருந்த பக்கங்களைப் பிரித்தான். “நடுவுல விட்டா முறுக்குது. ஓரத்துலேர்ந்து விட்டுப் பாக்கணும்” என்று படித்து நிறுத்தினான்.

“ஒரு வரி விட்டுட்டீங்க சார்.”

“அண்ணன் ஒத்துக்க மாட்டான்” என்று பெரியவன் படித்தான்.

படியில் நின்ற ஒருவன் சிரித்தான். அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. அது தொற்றிக்கொண்டு பொம்மைக்காரர் வரை போயிற்று. ஒருங்கிணைப்பாளர் துண்டுப்பிரசுரங்களைத் தன் கைப்பைக்குள் மெல்ல எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

“நன்றி சார். என் கேள்வி முடிஞ்சுது” என்று சின்னவன் நோட்டை மூடினான். மூடும்போது பெரியவன் அதைப் பார்த்தான். வெள்ளைப் பக்கம். சூடு, தண்ணீர்ப் பாதை, அளவு எதையும் அவன் எழுதியிருக்கவில்லை. ஓரத்திலிருந்து விடுகிற அச்சை அவன் தன் பட்டறையில் எப்போதோ செய்திருக்க வேண்டும். அவனுக்கு இங்கே தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை. இந்த ஒரு வரியை அண்ணன் வாயால் கேட்கத்தான் வந்திருக்கிறான்.

இடைவேளை விட்டார்கள். சின்னவன் கை கழுவ மாடிப்படி ஓரத்துக் குழாய்க்குப் போனான். பெரியவன் பின்னாலேயே போய் நின்றான். சின்னவன் குழாயை மூடினான்.

“எல்லாம் பதிவாயிருக்குல்ல? அம்மாவுக்குப் போட்டுக் காட்டணும்” என்றான் சின்னவன், கைகளை உதறியபடி.

“அவங்களுக்குப் புரியுதா?”

“எல்லாம் புரியும். பேச்சுதான் இல்ல. உன் பேச்ச எடுத்தா மட்டும் மூஞ்சத் திருப்பிக்கிறாங்க.”

படத்திலாவது அம்மா தன்னைப் பார்ப்பாள் என்று ஒரு கணம் பெரியவனின் மனசு ஆசைப்பட்டது. தலை குனிந்து, தம்பியின் எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கிற தன்னை. அந்த ஆசையின் கேவலம் அவனுக்கே தெரிந்தது. தெரிந்தும் அது போகவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

“எந்தப் பக்கம் திருப்புறாங்க?”

“என்ன எந்தப் பக்கம்?”

“சுவத்துப் பக்கமா, இல்ல யாராவது வராங்களான்னு வாசப் பக்கமா?”

சின்னவன் கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். துடைத்த விரலையே மறுபடி துடைத்தான். அம்மாவின் கட்டிலுக்கு எந்தப் பக்கம் வாசல் என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. நான்கு மாதமாக அவன்தான் ஒரு நாளைக்கு மூன்று வேளை அந்த வாசல் வழியாகப் போய் ஊட்டிவிட்டு வருகிறான்.

“எனக்கு நேரமாச்சு” என்றான் கடைசியில்.

அறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஒருங்கிணைப்பாளர், குழுப்படம் எடுக்க வேண்டும், இருவரும் வாருங்கள் என்று கூப்பிட்டார். ஆட்கள் படியில் வழிவிட்டு ஒதுங்கினார்கள். சின்னவன் இரண்டு படி இறங்கிவிட்டான். பெரியவனிடம் கொடுப்பதற்கு இப்போது ஒன்றும் மிச்சமில்லை. சூட்டிலிருந்து சொந்த மானம் வரை எல்லாம் காலையிலேயே கொடுத்தாகிவிட்டது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

“தம்பி, அம்மாவப் பாக்கணும். உன் வீட்டுக்கு வரட்டுமா?”