விலை இன்பாக்ஸில்

மேல்மாடியில் ராவியாவின் ஓவர்லாக் மிஷின் ஓடத் தொடங்கியதும் அவாதிஃப் பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். சத்தத்தைக் கேட்டே அங்கே என்ன தைக்கிறார்கள் என்று அவளால் சொல்ல முடியும். ஒரே இழுப்பில் நீளமாகப் போனால் கால்சட்டையின் பக்கவாட்டு. விட்டு விட்டு வந்தால் சட்டைக் கை. காலையிலிருந்து நீளமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவளுடைய மிஷின் ஜன்னலோரம் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. எகிப்தின் மஹல்லா நகரில் அவர்கள் வேலை பார்த்த மில் தையல் பிரிவை மூடியபோது இரண்டு பேரும் ஏலத்தில் எடுத்த மிஷின்கள் அவை. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வயது. மில்லில் ராவியா முன்னாலும் அவாதிஃப் பின்னாலும் உட்கார்ந்து தைத்தார்கள். யார் கை வேகம் என்று சூப்பர்வைசரைக் கேட்டால் அவாதிஃபைத்தான் காட்டுவார்.

பள்ளிச் சீருடை வேலை சூடு பிடிக்கும் நேரத்தில் அவள் மிஷினின் கீழ் லூப்பர் ஒடிந்தது. வளைந்த கொக்கி போல ஒரு சின்ன இரும்பு, அவ்வளவுதான். மெக்கானிக் அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தான்.

"இது இங்க கிடைக்காது. கெய்ரோல ஒரே ஒருத்தன்தான் வெச்சிருக்கான்."

"கடை எங்க இருக்கு?"

"போன்லதான் இருக்கு. போர்டு கிடையாது, கூப்பிட்டா எடுக்க மாட்டான். பேஸ்புக்ல எழுதிக் கேக்கணும்."

அந்தப் பக்கத்தில் லூப்பரின் படம் பளபளவென்று இருந்தது. அவாதிஃப் அதன் கீழே எழுதினாள்: 'விலை என்ன? எப்படி வாங்குவது?' சற்று நேரத்தில் பதில் வந்தது: 'விவரம் உங்கள் இன்பாக்ஸில்.' இன்பாக்ஸில் ஒன்றும் இல்லை. அங்கேயும் எழுதினாள். கையை எடுப்பதற்குள் பதில் வந்து விழுந்தது: 'உங்கள் செய்தி எங்களுக்கு மிக முக்கியம். விரைவில் தொடர்பு கொள்கிறோம்.' அன்று சாயங்காலம் வரை அவள் போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் எழுதியபோதும் அதே வரிதான் வந்தது. அதற்கு மறுநாளும் அதே வரி.

"அது மனுஷன் இல்லடி, மிஷின்," என்றான் அவள் புருஷன் ஃபத்ஹி. மில் வாசலில் பஞ்சுப்பொதி இறக்குகிறவன் அவன். "நீ மிஷினுக்குப் பொருள் கேட்டு மிஷின்கிட்டயே எழுதிக்கிட்டிருக்க."

"அப்ப பாக்குறது யாரு? 'பார்த்தாச்சு'ன்னு காட்டுதே."

"பாக்குறவன் பாப்பான். உன் படத்துல என்ன இருக்கு? ஒண்ணுமே இல்ல, வெறும் சாம்பல் வட்டம். எவன் பதில் போடுவான்?"

லூப்பர் படத்தின் கீழே மற்றவர்கள் எழுதியிருந்ததை அவள் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். 'கிடைத்தது, நன்றி' என்று ஒருவன். 'நாளை அனுப்புகிறோம் ஐயா' என்று இன்னொருவனுக்குப் பதில். அதற்கும் கீழே ராவியாவின் பெயர் இருந்தது. தங்கை மகள் கல்யாணத்தில் யாரிடமோ வாங்கிப் போட்ட நகையோடு எடுத்த படம். பெயருக்கு முன்னால் 'மேடம்' என்று அவளே சேர்த்துக்கொண்டிருந்தாள். ஊசித் தகடு இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். 'தங்கள் உத்தரவு, ராவியா மேடம்' என்று பதில். பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

அந்த இதயத்தை அவாதிஃப் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். தையல் பிரிந்து வந்த துணிகளை முன்வரிசையிலிருந்து ரகசியமாகப் பின்னால் தள்ளிவிட்டு, "நீ ஒரு தட்டு தட்டிக் குடுடி" என்று கெஞ்சியவள் இந்த ராவியா.

அந்த வாரமே சீருடை வியாபாரி அவளிடம் தைக்கக் கொடுத்திருந்த துணிக்கட்டுகளைத் திரும்ப எடுத்துவர ஆள் அனுப்பினான். வந்த ஆள் கட்டுகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தான். கீழே இறங்குவான் என்று அவாதிஃப் கதவருகிலேயே நின்றாள். அவன் மேலே ஏறினான்.

பிறகுதான் அவளும் மேலே போனாள். ராவியா தேநீர் ஊற்றிக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதை முன்னாடியே சொல்ல மாட்டியா?" என்றபடி போனை எடுத்து எழுதினாள். அவாதிஃப் தேநீரில் சர்க்கரையைக் கலக்கி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. குரல் பதிவு. இளைஞன் ஒருவன் தேன் ஒழுகப் பேசினான்.

"ராவியா மேடம், மன்னிக்கணும். போன வாரம் வரைக்கும் இருந்துச்சு. இப்ப தீர்ந்துபோச்சு. இனி சரக்கு கப்பல்ல வரணும், மாசக்கணக்காகும். உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வைக்கிறேன்."

"போன வாரம் நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்," என்றாள் அவாதிஃப்.

ராவியா அவள் கையைத் தொட்டாள். "விடுடி. சரக்கு வர்ற வரைக்கும் இங்க வந்து உக்காரு. பிசிறு வெட்டிக் குடு, மடிச்சு வை. தாய்மாருங்க என் பேஸ்புக் பக்கத்துல எழுதிக் கேட்டுக்கிட்டே இருக்காங்க, நான் தைப்பேனா, பதில் போடுவேனா? அதையும் நீ பாத்துக்க."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் அவாதிஃபுக்கு இன்னும் எரிந்தது.

மறுநாளிலிருந்து தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, சின்னக் கத்தரியால் பிசிறு வெட்டினாள். ராவியா இழுக்கும் ஓரங்கள் சில இடங்களில் நெளிந்திருந்தன. நெளிவைப் பார்க்கும்போது அவளுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வரும். ஒன்றும் சொல்லாமல் மடித்து அடுக்குவாள். மடியில் ராவியாவின் போன் அதிர்ந்துகொண்டே இருக்கும். 'அக்கா, ஆறாம் வகுப்பு ஸ்கர்ட் இருக்கா?' 'ராவியா அக்கா, உங்க தையல் மாதிரி வராது.'

முதலில் பதில் போட்டாள். 'உங்க தையல் மாதிரி வராது' என்று வந்த நாளில் நிறுத்திவிட்டாள். திறந்து பார்ப்பாள். பெயரைப் படிப்பாள். மூடிவிட்டுக் கத்தரியை எடுப்பாள். அப்போதெல்லாம் பக்கத்தில் ஓடும் மிஷின் சத்தம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்படி இருந்தது.

"இந்த வருஷம் ஆளுங்க கம்மிதான், இல்ல?" என்று ராவியா ஒருநாள் கேட்டாள்.

"எல்லாரும் கடையில எடுத்துக்குறாங்க போல," என்றாள் அவாதிஃப்.

ராவியாவுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. வியாபாரியின் கட்டுகள் கூரை வரை இருந்தன.

பள்ளி திறந்த பிறகு ஒரு மதியம் ஒரு பெண் படியேறி வந்தாள். கறுப்பு அபாயா அங்கியில் மாவு படிந்திருந்தது. ரொட்டிச் சூளையில் வேலை செய்கிறவள் என்று சொன்னாள், பெயர் ஹனியா. மூச்சு வாங்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ராவியா அக்கா வீடு இதுதானா? மெரூன் ஸ்கர்ட் கேட்டு எழுதினேன். மூணு தடவை எழுதினேன். பதில் வரும் வரும்னு வேற எங்கயும் கேக்காம இருந்துட்டேன்."

ராவியா மிஷினை நிறுத்தினாள். "நீ பாக்கலையாடி?"

"கண்ணுல படல," என்றாள் அவாதிஃப்.

"இல்லக்கா, 'பார்த்தாச்சு'ன்னு காட்டுச்சு," என்றாள் ஹனியா. குரலில் சண்டை இல்லை. தான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்பது போலச் சொன்னாள். "நான் சரியா எழுதலையோ என்னவோ."

அவாதிஃப் கத்தரியின் வளையத்திலிருந்து விரலை எடுக்க முயன்றாள். அது சிக்கிக்கொண்டது.

"மெரூன் துணி தீர்ந்துபோச்சும்மா," என்றாள் ராவியா. "வியாபாரிகிட்டயும் இல்ல. இப்ப எங்க போவேன்?"

"பரவாயில்லக்கா. பழசைக் கொண்டாந்திருக்கேன். பொண்ணு சட்டுன்னு வளந்துட்டா. முட்டி தெரியுதுன்னு டீச்சர் ரெண்டு நாளா வகுப்புக்கு வெளிய நிறுத்துறாங்க. ஓரத்தைப் பிரிச்சு இறக்கிக் குடுத்தா போதும்."

பையிலிருந்து எடுத்து நீட்டினாள். ராவியா கை நீட்டுவதற்குள் அவாதிஃப் வாங்கிக்கொண்டாள். "நான் பண்றேன். உக்காரும்மா."

ஹனியா உட்காரவில்லை. அபாயாவில் இருந்த மாவு நாற்காலியில் ஒட்டிவிடும் என்று நின்றுகொண்டே இருந்தாள்.

அவாதிஃப் ஸ்கர்ட்டை மடியில் விரித்து, ஓரத்துத் தையலை ஒவ்வொரு கண்ணாக வெட்டினாள். நூலை இழுத்தாள். துணியை விரலால் நீவி இறக்கினாள். வெளுத்த துணியில், மடிப்பு முன்பு இருந்த இடங்களில், அடர்ந்த மெரூன் நிறத்தில் இரண்டு கோடுகள் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சுற்றி ஓடின. போன வருடம் இறக்கியது ஒன்று. அதற்கு முந்திய வருடத்தது ஒன்று.

இரண்டாவது கோட்டுக்குக் கீழே அவள் விரலைவிட்டுத் துழாவினாள். ஒரு நகம் அகலத்துக்குத் துணி இருந்தது. அதற்கப்பால் பிசிறு. இறக்க இனி துணி இல்லை.