எந்த வண்டியும் எடுக்காத குப்பை

வைத்திக்குப்பத்தில் எங்கள் சந்து முனையில் ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. அதை அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு பக்கம் லாரி மோதி உடைந்தது, இன்னொரு பக்கம் மாடுகள் உரசி உரசியே உடைந்தது. ஆனாலும் வீட்டுக் குப்பை, என் டீக்கடைத் தூள், தில்லையம்மாள் அண்ணி கழித்துப்போடும் மீன் குடல் எல்லாம் சாதி பார்க்காமல் அதற்குள் போய்ச் சேர்ந்தன. சுனாமி வந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒருநாள் முனிசிபாலிட்டிக்காரர்கள் வந்து அதை இடித்து அள்ளிக்கொண்டு போனார்கள். இனிமேல் இது தொட்டி இல்லாத ஊர் என்றார்கள்.

வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுத்தார்கள். வீட்டுக் குப்பையைத் தள்ளுவண்டி வாசலுக்கே வந்து வாங்கிக்கொள்ளும். கடைக் குப்பையை அது தொடாது. ஓட்டல்காரர், கறிக்கடைக்காரர், மீன் விற்பவர் எல்லாம் மெயின் ரோட்டுக்கு வரும் பெரிய வண்டியில் தாங்களே கொண்டுபோய்க் கொட்டவேண்டும். தெருவிலோ கடற்கரையிலோ போட்டால் அபராதம். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அதை எழுதினவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் கறி சமைக்கப்போவது அவன் இல்லையே.

சிக்கல் எங்கே என்றால், பெரிய வண்டி விடிந்ததும் வந்து போய்விடும். எங்கள் போட்டுகள் கரைக்கு வருவது அதற்குப் பிறகு. அண்ணி ஏலத்தில் மீன் எடுத்து, வீட்டு வாசலில் அரிவாள்மனை போட்டு உட்காரும்போது வெயில் ஏறிவிடும். குப்பை பிறப்பதற்கு முன்னாலேயே குப்பை வண்டி போய்விடும்.

தில்லையம்மாள் அண்ணிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. கூடை தூக்கி மார்க்கெட்டுக்குப் போக முடியாது. சுத்தம் செய்து கொடுப்பாள் என்பதற்காகவே முத்தியால்பேட்டையிலிருந்து ஆட்கள் சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அவள் புருஷன் சுப்ரமணி அண்ணனுக்குச் சொந்தப் போட்டு இல்லை. கூப்பிட்டவர்களோடு தூண்டில் போடப் போவார், மற்ற நாளில் வலை சரிபார்ப்பார். அந்த வாசல் வியாபாரம் நின்றால் அடுப்பும் நின்றுவிடும். இது சந்தில் எல்லோருக்கும் தெரியும்.

தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வந்தது வசந்தா என்ற பெண். முதல் நாளே அண்ணியின் பக்கெட்டைப் பார்த்து ஒதுங்கிவிட்டாள்.

"யக்கா, இத்த எடுத்தா சூப்பர்வைசர் என் வேலைக்கே ஒல வெச்சுடுவாரு. வாழத்தோலு குடு, முட்ட ஓடு குடு, வாங்கிக்கிறேன். இது வேணாம்."

"எங்க வூட்டுல கொழம்பு வெச்ச மீனோட கொடலுடி இது."

"ஒரு பக்கெட்டு கொடலா? எத்தினி ஊருக்கு யக்கா கொழம்பு வெச்ச?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் கடையிலிருந்து சிரித்தேன். ஒரே மீன், ஒரே குடல். நாம் தின்றால் வீட்டுக் குப்பை, விற்றால் கடைக் குப்பை. சிரிக்காமல் என்ன செய்வது?

விடிந்ததும் பெரிய வண்டியில் கொட்டலாம் என்று ஒருநாள் பக்கெட்டை மூடி ராத்திரி முழுக்க வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். விடிவதற்குள் புழு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள், யாரோ போன் போட்டும் சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசர் ஜானகிராமன் வண்டியில் வந்து இறங்கினார். கெட்ட மனுஷன் இல்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அம்மா, ரூல்ஸ் நான் போட்டது இல்ல. இன்னொரு தடவ கம்ப்ளைண்ட் வந்தா அரிவாமனைய எடுத்துனு வரச் சொல்லியிருக்காங்க. வாசல்ல விக்கிறதும் அதோட நின்னுடும். பாத்துக்குங்க."

சுப்ரமணி அண்ணன் சட்டை போட்டுக்கொண்டு முனிசிபாலிட்டிக்குப் போனார். அவர் வாயில் அது இன்னும் 'மேரி'தான், பிரெஞ்சுக்காரன் வைத்த பேர். பெரிய வண்டியைக் கொஞ்சம் தாமதமாக விடச் சொல்லிக் கேட்டுவிட்டு, என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"நேரத்த மாத்துறது அவங்க கையில இல்லியாம் கண்ணையா. காண்ட்ராக்ட்டுல அப்பிடி எழுதியிருக்காம்."

"அப்ப மீனுங்களத்தான் சீக்கிரமா வரச் சொல்லணும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே டீயை இரண்டு மடக்கில் குடித்தார். எவ்வளவு சூடாக இருந்தாலும் அவருக்கு இரண்டு மடக்குதான்.

அதற்குப் பிறகு அவரே பக்கெட்டைத் தூக்க ஆரம்பித்தார். கடலில் கொட்டினால் அலை திருப்பிக் கொண்டுவந்து கரையில் பரப்பிவிடும், பார்த்தவன் சொல்லிவிடுவான். அதனால் தினமும் மத்தியானம், ஆள் நடமாட்டம் குறைந்ததும், போட்டுகளுக்குப் பின்னால் மணலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வருவார்.

நாய்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? தொட்டி இருந்தவரை அவை அங்கே தின்று அங்கேயே கிடந்தன. தொட்டி போனதும் பக்கெட்டைக் கண்டுபிடித்துவிட்டன. வேறு தெரு நாய்களும் வந்து சேர்ந்தன. அவர் முன்னால் நடக்க, பின்னால் ஒரு கூட்டமே ஊர்வலம் போகும். அவற்றில் செவலை என்று ஒன்று, போட்டு நிழலில் படுத்தே வளர்ந்த எங்கள் குப்பத்து நாய். அதன் வாயிலிருந்து குடலைப் பிடுங்கித்தான் அவர் குழிக்குள் போடவேண்டியிருக்கும். அப்படி ஒருநாள் பிடுங்கும்போது அதன் பல் அவர் கையில் பட்டது.

அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை. தூண்டில் போடுகிறவன் கை எப்போதுமே கீறலும் கிழிசலுமாகத்தான் இருக்கும். புதிதாக ஒன்று வந்தால் கணக்கா? நேராகப் போய்க் கையைக் கடலில் அலம்பினார். எங்கள் குப்பத்தில் முள் ஏறினாலும் அதுதான் வைத்தியம், தூண்டில் கிழித்தாலும் அதுதான். உப்புத் தண்ணீரில் ஆறாத புண் இல்லை என்று பிறந்ததிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் புண்ணும் ஆறிவிட்டது.

அதற்குப் பின் சில நாளில் செவலை வாயில் நுரை தள்ளிக்கொண்டு சுற்றியது, பிறகு ஒரு போட்டுக்கடியில் செத்துக் கிடந்தது. வெயில் தாங்கவில்லையோ, விஷம் கிஷம் தின்றதோ என்று பேசிக்கொண்டோம். அதை எடுக்கச் சொல்லி வசந்தாவைக் கேட்டதற்கு, செத்த நாய் தன் வண்டியில் ஏறக்கூடாது, அதற்கு வேறு போன் நம்பர் இருக்கிறது என்றாள். அந்த நம்பரில் யாரும் எடுக்கவில்லை. சுப்ரமணி அண்ணன்தான் அதையும் புதைத்தார்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் அவருக்குக் காய்ச்சல், கையில் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று தேய்த்துக்கொண்டே வந்தார். டீ கொடுத்தேன். கிளாசை வாய்க்குக் கொண்டுபோனவர் உதட்டில் பட்டதும் உடம்பு உதறிக் கீழே போட்டுவிட்டார்.

"தொண்ட புடிச்சிக்குது கண்ணையா."

"சளிண்ணே. சுக்கு தட்டிப் போட்டுத் தரேன்" என்று சொல்லிவிட்டு, கிளாஸ் கழுவ ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். திரும்பிப் பார்த்தால் அவர் எழுந்து தெருவில் நின்றிருந்தார். முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, பெரிதாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காற்று பட்டாலும் துடித்தார். ஃபேனை நிறுத்து, கதவைச் சாத்து என்றார். பேய்க் காற்று அடித்திருக்கிறது என்று சொந்தக்காரர்கள் அம்மாவாசை என்ற பூசாரியைக் கூட்டிவந்தார்கள். பூசாரி வேப்பிலையைச் செம்பில் நனைத்து முகத்தில் ஓங்கித் தெளித்தார். அண்ணன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எழுந்து ஓடிச் சுவர் மூலையில் ஒண்டிக்கொண்டார். பேய்தான், சந்தேகமே இல்லை என்றார்கள் எல்லோரும். அண்ணி மட்டும் பூசாரியின் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"பேயும் இல்ல, கீயும் இல்ல. அவருக்குத் தண்ணியப் பாத்தா பயமா இருக்குது. உங்களுக்குக் கண்ணு இல்லியா?"

சுனாமி அன்றைக்கு எல்லோரும் ஊருக்குள் ஓட, போட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற மனுஷன் அவர். அவரை ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கடற்கரை ரோடு வேண்டாம் என்று டிரைவரிடம் அண்ணிதான் சொன்னாள்.

சின்ன வயசு டாக்டர். பார்த்ததுமே, நாய் கடித்ததா என்று கேட்டார். இல்லை என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அண்ணனுக்கு அப்போது நினைவு தெளிவாக இருந்தது.

"கடிக்கல சார். கொடல புடுங்கசொல்ல பல்லு பட்டுது. அது நம்ம நாயிதான், ஒண்ணும் பண்ணாது. அன்னிக்கே கடல்ல அலம்பிட்டேன்."

டாக்டர் அண்ணியையும் என்னையும் வெளியே கூட்டிப்போனார். "அன்னிக்கே வந்திருந்தா ஊசி போட்டிருக்கலாம்மா. இனிமே எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. இன்னிக்கோ நாளைக்கோதான்."

"அன்னிக்கே கடல்ல அலம்பிட்டாரு சார்" என்றாள் அண்ணி. டாக்டர் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை, வாங்கினால் ஏதாவது வழி சொல்வார் என்று நினைத்தவள் போல இன்னொரு தடவையும் சொன்னாள். "நல்லா அலம்பிட்டாரு சார்."

அவரைத் தனி அறையில் ஜன்னலைச் சாத்தி வைத்தார்கள். நாக்கு வறண்டு உதடு வெடித்துவிட்டது. நடுவில் கொஞ்சம் அடங்கினபோது அண்ணியைப் பார்த்து, "தில்ல, தாகமா இருக்குது" என்றார். அவள் எழுந்ததும், "கொண்டாராத, கொண்டாராத" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணி வாசலுக்கு வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

"அந்தப் பக்கெட்ட நான்தான தம்பி அவரு கையில குடுத்தேன். தெனமும் நான்தான குடுத்தேன்."

உன் தப்பு இல்லை அண்ணி என்றேன். யார் தப்பு என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கோபத்தில் பத்துப் பேரைச் சொல்லியிருப்பேன்.

அவர் அங்கே கிடக்கும்போதே குப்பத்துக்கு முனிசிபாலிட்டி வேன் வந்ததாம். நாய்களைப் பிடித்தார்களாம், மணலில் பிளீச்சிங் பவுடர் தூவினார்களாம். இதற்கு மட்டும் எந்த நேரத்துக்கும் வண்டி கிடைக்கும் போலிருக்கிறது.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் அண்ணன் போய்விட்டார். தவளக்குப்பத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஹேமலதா வரும்போது உயிர் இல்லை. உடம்பை முழுக்கச் சுற்றிக் கட்டி, முகம் மட்டும் தெரியும்படி கொடுத்தார்கள். பிரிக்கவேண்டாம், சீக்கிரம் எடுத்துவிடுங்கள் என்று எச்சரித்தார்கள்.

ஆனால் எங்களில் குளிப்பாட்டாமல் பிணத்தை எடுக்கிற வழக்கம் இல்லை. எவ்வளவு ஏழையாக இருந்தாலும், கடல் அடித்துக் கொண்டுவந்து போட்ட உடம்பாகவே இருந்தாலும், பங்காளிகள் குடம் எடுத்துப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றித்தான் எடுப்போம். கட்டைப் பிரிக்காமல் மேலாக ஆளுக்கொரு குடம் ஊற்றிவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மேளம் அடித்துக்கொண்டு போய்க் கொண்டுவந்தோம். நானும் பங்காளிதான், முதல் குடம் என் தோளில் இருந்தது. வாசலில் பெஞ்சின் மேல் அவரைக் கிடத்தியிருந்தார்கள். குடத்தை இறக்கிச் சாய்த்தேன்.

பெண்களின் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அண்ணி ஓடிவந்தாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஓடினாளோ தெரியாது. அவர் மேல் குப்புற விழுந்து, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"ஊத்தாத கண்ணையா! வேணாம்டா, பயந்துருவாரு!"

மேளம் நின்றுவிட்டது. இழுங்கள் அவளை என்று யாரோ ஒரு பெரியவர் சொன்னார். யாரும் இழுக்கவில்லை. ஹேமலதா வந்து குடத்தை என் கையிலிருந்து வாங்கி, அப்பா கண்ணில் படக்கூடாது என்கிற மாதிரி, முந்தானையால் மூடி வீட்டுக்குப் பின்பக்கம் எடுத்துப்போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குடத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார்கள்.

அவரைக் குளிப்பாட்டாமலேயே எடுத்தோம்.