மேசையை விட்டு எழுந்தவர்

ஆங்கிலத்தில் ‘எம்பாரஸ்’ என்றொரு வினைச்சொல் உண்டு. நாலு பேர் முன்னால் கூனிக்குறுக வைப்பது என்று பொருள். அகராதியில் அது சாதுவாகத்தான் கிடக்கும். இங்கிலாந்தில் கெட்டரிங் ஊர்ப் பக்கத்து ஆட்களிடம் அகப்பட்டால் உயிரைக் கேட்கும்.

காரை விட்டு இறங்கும்போதே பெரில் புருஷனிடம் சொல்லிவிட்டாள். “இங்க பாரு க்ளிஃபர்ட், சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி இன்னிக்கு ஒருநாளாவது என்னை எம்பாரஸ் பண்ணாத.”

“வாயே தொறக்கல, போதுமா?”

ஊர் மதுக்கடையான பப்பில் ஞாயிற்றுக்கிழமை விருந்து. மகளைக் கட்டப்போகிறவனின் தாய் டாஃப்னி, ரோஜாவுக்கு உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மாட்டிறைச்சித் துண்டை விழுங்கிய க்ளிஃபர்ட் அப்படியே உறைந்துபோனார். இருமல் இல்லை, சத்தம் இல்லை. முகம் மட்டும் கன்றிச் சிவந்தது. எழுந்தார். வாய் துடைக்கும் துணியை நாலாக மடித்துத் தட்டருகே வைத்தார். எல்லாருக்குமாக ஒருமுறை தலையசைத்துவிட்டுக் கழிப்பறைப் பக்கம் நடந்தார். தொண்டை அடைத்துப்போன மனுஷன் துணி மடிக்கிறார், பாருங்கள்.

“அவருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்றாள் டாஃப்னி.

“ஒண்ணுமில்ல. இதோ வந்துருவார்.”

பெரிலின் கண் கழிப்பறைப் பக்கமே போய்ப் போய் வந்தது. ஆனால் ஒருத்தி பேசும்போது பாதியில் எழுவது மரியாதையா? ரோஜா உரக் கதை முடியும்வரை சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள், படுபாவி.

பிறகு ஓடினாள். ‘ஆண்கள்’ என்று எழுதிய கதவை விரலால் தட்டினாள். “க்ளிஃப்?” தள்ளக் கை வரவில்லை. உள்ளே வேறு ஆம்பளை நின்றால் என்ன நினைப்பான்?

உள்ளே தொப்பென்று சத்தம் கேட்டது.

கதவு சுவரில் மோதியது. கைகழுவும் தொட்டியைப் பிடித்தபடி க்ளிஃபர்ட் முழங்காலிட்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றில் கை கோத்து இழுத்தாள். “யாராவது வாங்களேன்! என் புருஷன் சாகறாரு!” முப்பத்தாறு வருஷமாகப் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத குரல், பப் முழுக்கக் கேட்டது. இழுத்தாள், இன்னொரு தரம் இழுத்தாள். மூன்றாம் தரம் துண்டு வெளியே தெறித்தது.

அவர் மூச்சை வாரி வாரி இழுத்தார். வாசலில் டாஃப்னி உட்பட இருபது பேர் நின்றார்கள். பெரிலின் பாவாடை தொடைவரை ஏறிக் கிடந்தது.

“எல்லாரும் பாக்கறாங்க, பெரில்,” என்றார் கம்மிய குரலில்.

அவள் அவர் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“பாக்கட்டும்,” என்றாள்.