எண்பத்திரண்டு மின்விசிறிகள்

மறுநாள் காலை பத்து மணிக்குச் சேமிப்புச் சங்கத்தின் மேலாளர் வருவதாக இருந்தது. அவர் தலையசைத்தால் அந்த இணையச் செயலி சங்கத்தின் முப்பது கிளைகளுக்கும் போகும். உதட்டைப் பிதுக்கினாலோ, எட்டு மாத உழைப்பும், நகலகத்தின் மாடியில் வாடகைக்கு எடுத்த அந்த ஒற்றை அறையும் அத்தோடு முடிந்தன. இதை நன்கு அறிந்தவளாய், அதன் நிரலை எழுதியவள், சோதனைக்காகச் செயலியைப் பெற்றிருந்த ஐம்பது உறுப்பினர்களின் புள்ளிப் பட்டியலைத் திறந்தாள்; திறந்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வரவறிந்து செலவிடவும், சேமிக்கவும், வட்டியைப் புரிந்துகொள்ளவும் கற்பிப்பது அச்செயலி. பாடத்தைப் படித்து விடையளித்தால் ஐம்பது புள்ளி. ஐந்நூறு சேர்ந்தால் சங்கம் ஒரு மேசை மின்விசிறி தரும். பன்னிரண்டு பாடங்களையும் பழுதறப் படித்தவர்க்கும் அறுநூற்றுச் சொச்சத்துக்கு மேல் கிடைக்க வழியில்லை. பட்டியலின் தலையிலோ நாற்பத்தோராயிரம் நின்றது. அதற்கு உரியவள், தையற்கூடத்தில் வேலை செய்யும் அவளுடைய சொந்த அக்காள்.

பதிவுகளைத் துருவினாள். நான்காம் பாடத்தில் ஒரு பொம்மை உண்டியல் இருந்தது. அதில் ஒரு பொம்மைக் காசைப் போட்டால் ஐந்து புள்ளி ஊக்கப் பரிசு. போட்டதைத் திரும்ப எடுக்கலாம். எடுத்ததை மறுபடி போட்டால் மறுபடியும் ஐந்து. அக்காள் எண்ணாயிரத்து இருநூறு முறை போட்டிருந்தாள். அவளிடம் வித்தை கற்ற ஏழு தையற்காரிகள் பட்டியலில் அவளுக்குக் கீழே வரிசையாக நின்றார்கள்.

குற்றம் அக்காளுடையதன்று. ஒவ்வோர் அமுக்கலுக்கும் மக்கள் மனம் குளிர வேண்டும் என்று எதிர் மேசைக் கூட்டாளி நச்சரித்தபோது, அந்த விதியை எழுதியவள் இவளே. எத்தனை முறை என்று வரம்பு கட்ட மறந்தவளும் இவளே. அவசரம் என்று எல்லாராலும் அழைக்கப்பெற்ற அக்கூட்டாளியிடம் சொன்னபோது, அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், மேலாளர் கையொப்பமிடும்வரை வாயைத் திறக்காதே என்றான்.

மாலையில் அக்காள் வீட்டுக்குப் போனாள். வெட்டிய துணிகளின் நடுவே அக்காள் கைப்பேசியும் கையுமாக இருந்தாள். சாப்பிடும்போதுகூட அக்காளின் கட்டைவிரல் தானாக ஆடுகிறது, மருத்துவரிடம் காட்டலாமா என்று அத்தான் கேட்டார்.

"ஒரு பாடம்கூடப் படிக்கலையேக்கா நீ."

"அரை மணி நேரம் படிச்சா அம்பது. அதே அரை மணி அமுக்கினா ஆயிரம். நீயா இருந்தா எதைடி பண்ணுவ?"

போட்டுப் போட்டு எடுப்பது சேமிப்பாகாது என்று இவள் தொண்டை வறள விளக்கினாள். புள்ளிகளை அழிக்க நேரலாம் என்றதும் அக்காளின் முகம் மாறியது. எண்பத்திரண்டு விசிறிகளையும் பாதி விலைக்குத் தருவதாகத் தையற்கூடத்தில் ஏற்கெனவே ஆள் பிடித்துவிட்டிருந்தாளாம்.

"தப்பா எழுதினது நீ. வயித்துல அடி எனக்கா? கூடப்பொறந்தவன்னு கொஞ்சம்கூட நெனப்பு இல்ல பாரு."



காலையில் வந்த மேலாளர் பட்டியலைப் பார்த்துப் பூரித்துப் போனார். இத்தனை சேமிப்பார்வத்தைத் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை என்றார்; முதலிடத்துப் பெண்மணியின் படத்தை ஆண்டறிக்கையின் அட்டையில் போட வேண்டும் என்றார். மேசையடியில் அவசரம் இவள் காலை மிதித்தான். அக்காளின் முகம் அட்டையில் சிரிப்பதை நினைத்ததும் இவளுக்குப் பொறுமை அற்றுப்போயிற்று.

"சார், இவங்க யாரும் எதையும் சேமிக்கல. எங்கக்காவுக்கு மட்டும் நீங்க எண்பத்திரண்டு விசிறி தரணும்."

அவர் சிரித்தார். எட்டுப் பெண்களுக்குமாகக் கூட்டி, முப்பது கிளைகளால் பெருக்கிப் பார்க்கும்படி இவள் வேண்டினாள். பென்சிலை எடுத்துப் பெருக்கினார். விடை ஒன்பதாயிரம் விசிறிகளைத் தாண்டியதும் சிரிப்பு நின்றது. பிழை தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு, உண்டியலில் போட்டதை முப்பது நாள் தொடாதவர்க்கே இனிப் பரிசு என விதியைத் திருத்துவதாகச் சொன்னாள். அப்படியானால் இந்தப் புள்ளிகளையெல்லாம் உடனே அழியுங்கள் என்றார் அவர்.

"அழிக்கக் கூடாது சார். கணக்குல ஏறினதை நீங்களே அழிச்சா, அப்புறம் எவ உங்ககிட்ட வந்து காசு போடுவா?"

அவசரம் கண்ணை மூடிக்கொண்டான். மேலாளர் தாம் பெருக்கிய விடையைப் பென்சிலால் வட்டமிட்டார்.

"சரி, அழிக்க வேண்டாம். ஆனா ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு விசிறிதான். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள விதியை மாத்திடுங்க. முப்பது கிளைக்கும் போகட்டும்."

அவர் படியிறங்கியதும் அக்காளை அழைத்துச் செய்தியைச் சொன்னாள். மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது.

"எண்பத்திரண்டு வருஷமாடி? அதுவரைக்கும் என் புள்ளி அவங்ககிட்டதானே கெடக்கும்? அதுக்கு வட்டி குடுப்பாங்களா?"

வட்டியைப் பற்றி ஏழாம் பாடத்தில் விரிவாக எழுதியிருக்கிறது, படி என்றாள் இவள்.

"அதுக்கு வேற படிக்கணுமா? நீயே சொல்லிடேன்."

கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டு, விதியைத் திருத்திக்கொண்டே, வட்டி என்றால் என்ன என்பதை இவள் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.