அவர் அளவுக் கையுறை

மாத்திரை வைக்கும் இழுப்பறையின் கைப்பிடியில் கறுப்பு நூல் கட்டியிருந்தது. ஒன்றன் மேல் ஒன்றாக ஏழு முடிச்சு. மாமியார் முந்தாநாள் நாற்காலிக் காலில் பார்த்தாள், நேற்று குளியலறைத் தாழ்ப்பாளில். போதாக்குறைக்குக் குப்பைக் கூடையில், கிழித்துத் திரும்பத் தைத்த ஆரஞ்சுத் தோல் வேறு. நூலை அவிழ்க்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். மகனுக்கு இந்த மருமகள் ஏதாவது செய்வினை வைத்துவிட்டாளோ?

மருமகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நாளாக இதே கூத்துதான். மாலை ஆறு மணிக்குச் சாத்தினால் எட்டு மணிக்குத்தான் திறப்பாள். உள்ளே ஓர் ஆணின் குரல் பேசும், சிரிக்கும், "பிரமாதம்" என்று மெச்சும். ஊரே கதவடைத்துக் கிடக்கிற தொற்றுக் காலம். பால் கொண்டுவருபவன்கூட வாசலில் வைத்துவிட்டு ஓடுகிறான். இவளுக்கு மட்டும் தினம் பேச ஆள் எங்கிருந்து கிடைத்தான்?

மகனும் மருமகளும் ஒரே கல்லூரியில் அறுவை சிகிச்சை படித்தவர்கள். படிப்பில் அவள் ஒரு படி மேல் என்று கல்யாணத்தில் யாரோ சொன்னது மாமியாருக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. "ரெண்டு பேரும் கத்தியத் தூக்கிட்டு ஓடினா வீட்ட யாரு பாக்கறது?" என்று கேட்டதும் அதே மாமியார்தான். மூன்று வருடமாக மருமகள் வீட்டோடு இருக்கிறாள்.

அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை மருத்துவமனை தள்ளிப்போட்டதில், மகன் பாதி நாள் சோபாவே கதி என்று கிடந்தான். அவன் காதில் விஷயத்தைப் போட்டாள்.

"உன் பொண்டாட்டி ரூம்ல யாரோ ஆம்பள பேசறான்டா."

"பேசட்டும்மா. நீ அங்க போய் நிக்காத," என்றான், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அங்கேதான் அவளுக்கு உறைத்தது. பெண்டாட்டி அறையில் வேற்றாள் குரல் என்றால் எந்தப் புருஷனும் எழுந்து உட்காரவாவது செய்வான். இவன் புரண்டுகூடப் படுக்கவில்லை. அப்படியென்றால் இரண்டு பேரும் சேர்ந்துதான் எதையோ மறைக்கிறார்கள். டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு, கதவைத் தட்டாமலே திறந்தாள்.

மருமகள் மடிக்கணினி முன்னால் இருந்தாள். திரையில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர் குடலைத் தைக்கும் படத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். மருமகள் ஏதோ தட்டி அனுப்பியதும், "சரியான பதில் சார். உங்ககிட்ட நானே கத்துக்கணும்," என்றார். மற்றவர்களின் கட்டங்களில் முகம் தெரிந்தது. மருமகளின் கட்டத்தில் பெயர் மட்டும் இருந்தது. அது மகனின் பெயர்.

"சார்னு யாரச் சொல்றாரு?"

"அவரத்தான் அத்தை," என்றாள் மருமகள், தலையைத் திருப்பாமல்.

கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. மருத்துவப் பதிவைப் புதுப்பிக்க ஒவ்வொரு சர்ஜனும் பத்து வகுப்பு கேட்டு, கடைசியில் பரீட்சை தர வேண்டும். தொற்றினால் எல்லாம் இணையத்தில். மகனுக்குப் பொறுமை இல்லை. அதனால் காலை வகுப்பை அவள் தன் பெயரில் கேட்டாள், அதையே மாலையில் அவன் பெயரில் கேட்டாள். நூலும் ஆரஞ்சும் கை பழகுவதற்காம். மகன் விடுதியில் தங்கிப் படித்தவன், இதையெல்லாம் மாமியார் கண்டதில்லை.

"பரீட்சை எப்ப?"

"ஞாயித்துக்கிழமை. எல்லாருக்கும் ஒரே நேரம். கேமரா முன்னாடி முடிச்சுப் போட்டுக் காட்டணும், கை மட்டும் தெரிஞ்சா போதும். அவர் பேர்ல நான் போடணுமாம்."

"அப்ப உனக்கு?"

"எனக்குப் பதிவு போயிடும். நீதான் ஆப்பரேஷன் பண்றதில்லையே, உனக்கெதுக்குங்கறாரு." அவள் நூலைச் சுருட்டினாள். "போனா மறுபடி முதல்லேர்ந்து பரீட்சை எழுதணும் அத்தை. அதுவரைக்கும் ஒரு நோயாளியத் தொட முடியாது."

மாமியார் டீயை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவள் புருஷன் பள்ளிக்கூட வாத்தியார். அவளும் அதே படிப்புப் படித்தவள்தான். இருபத்திரண்டு வருடம் அவருடைய விடைத்தாள்களை அவள் திருத்தினாள். சிவப்பு மை அவள் விரலில், கையெழுத்து அவருடையது. ஒரு பிழை விடாமல் திருத்துகிறார் என்று மேடையில் அவரைப் பாராட்டியபோது, முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகன் தன் கையுறைப் பொட்டலத்தை மேசையில் வைத்தான். ஏழரை அளவு. மருமகளின் கைக்கு ஆறு. "வளையலக் கழட்டிடு. கேமராவ மேல தூக்காத," என்றான். பிறகு அம்மாவிடம், "ஒரு மணி நேரம் யாரையும் உள்ள விடாதம்மா. நான் கீழ நடந்துட்டு வரேன்," என்று செருப்பை மாட்டினான். பரீட்சை எழுதாதவனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

கதவிடுக்கில் மாமியார் பார்த்தாள். மருமகள் அந்தக் கையுறையைப் போட்டாள். விரல் நுனியெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. நூலைப் பிடித்தாள், வழுக்கியது. கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாருக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை. இவளும் கடைசியில் என்னைப்போல் கைதட்டத்தான் போகிறாளோ?

மருமகள் கையுறையை உருவிப் போட்டாள். விசைப்பலகையில் ஏதோ தட்டினாள். மகனின் பெயர் போய், திரையில் அவள் பெயர் வந்தது. இழுப்பறையிலிருந்து தன் அளவுக் கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மாமியார் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். ஒரு நாற்காலியை இழுத்து வந்து, கதவை அடைத்தாற்போல் போட்டு உட்கார்ந்தாள்.

அரை மணியில் மகன் திரும்பினான். உள்ளேயிருந்து வெள்ளை மீசைக்காரரின் குரல் கேட்டது. "பிரமாதம் மேடம்."

மகனின் முகம் மாறியது. "மேடம்னு யாரச் சொல்றாரு?"

மாமியார் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"நகரும்மா. நான் உள்ள போகணும்."

"யாரையும் விடாதன்னு நீதானப்பா சொன்ன."

"என்னையுமா? என் பரீட்சைம்மா அது."

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உன் பரீட்சைன்னா, நீ ஏன்டா வெளிய நிக்கற?"