வரி கட்டியவள்

"சாப்பிடுற நேரத்துலதான் இதெல்லாம் பேசணுமா?" என்றாள் அண்ணி.

படியேறி வந்த மூச்சு அடங்காமல் மேசைக்கு எதிரே நின்றாள் கத்தரி அக்கா. இடுப்பில் கட்டியிருந்த துணியெல்லாம் யாருடையதோ நீளமுடி. அது தட்டில் விழுந்துவிடப் போகிறதே என்று அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டு வரி போயிட்டா வாடகையைக் குறைக்கிறேன்னு நீங்கதானேண்ணா சொன்னீங்க?"

அண்ணன் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். "பாக்கலாம்மா."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்தான்."

அவள் கிளம்பவில்லை. மாடிக்கு ஒரு வேலையாக வந்தால் சொல்லிவிட்டு உடனே இறங்கிப் போகிறவள் அவள். இன்றைக்கு நின்றாள்.

அந்தக் கட்டிடம் அண்ணன், தங்கை இருவருடைய அப்பா கட்டியது. மேலே அண்ணன் குடும்பம். கீழே தெருவைப் பார்த்த முன்னறையில் இவளுடைய முடிதிருத்தும் கடை. அதை ஒட்டிய சின்ன அறையில் இவள் குடித்தனம். வெளியூருக்கு வேலைக்கென்று போன கணவன் போனவன் போனவனாகவே இருந்துவிட்டான். பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, பிறந்த வீட்டுக்கே வாடகை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா இறந்தபோது வீட்டில் பாதி அவளுக்கு வரவேண்டியது. அண்ணன்தான் பக்குவமாக எடுத்துச் சொன்னார். "வீடுன்னு இருந்தா வருஷா வருஷம் வரி கட்டணும்மா. நீ கத்தரியைப் பிடிச்சு எங்கேருந்து கட்டுவே? என் பேர்லயே இருக்கட்டும், பாரத்தை நான் சுமந்துக்கிறேன்." அவள் கண்ணீரோடு கையெழுத்துப் போட்டாள். பங்கு போகிறதே என்று வந்த கண்ணீர் அல்ல, தனக்காக ஒருத்தர் சுமக்கிறாரே என்று வந்த கண்ணீர். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் வரி கட்டிவிட்டு வரும்போது அண்ணன் கடை வாசலில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொள்வார். "கட்டிட்டேன்மா, இந்த வருஷமும் ஒரு வழியா கட்டிட்டேன்." அவள் குற்றவாளி மாதிரி ஓடிப்போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள்.

பிறகு ஒரு புதுச் சட்டத்தைப் பற்றிய பேச்சு வந்தது. வருமான வரி கிடையாது, வீட்டு வரி கிடையாது. கடையில் பொருள் வாங்கும்போது மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி ஒரு வரி. அதற்கு ஜனங்கள் ஓட்டுப் போட வேண்டும். அதுவரை கடைக்குள் காலே வைக்காத அண்ணன், அன்றைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து முடிவெட்டிக்கொண்டார்.

"பெரிய பணக்காரனும் கட்டுவான், கூலிக்குப் போறவனும் கட்டுவான். இதைவிட நியாயம் உண்டா? வீட்டு வரி போனா உன் வாடகையைக் குறைச்சிடுறேன். உன் கடைக்கு வர்ற பொம்பளைங்ககிட்ட நாலு வார்த்தை சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

கேட்டார்கள். காதோரம் கத்தரி ஓடும்போது சொல்லுகிற சொல்லுக்கு ஒரு தனி பலம் இருக்கத்தான் செய்கிறது. வருமான வரி கட்டுகிற அளவுக்கு அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் சம்பாதித்ததில்லை. வீட்டு வரி கட்ட ஒருத்தி பேரிலும் வீடில்லை. நமக்கு இல்லாத வரியை எடுத்துவிட்டு இருக்கிற எல்லாவற்றுக்கும் வரி போடுகிறார்களே என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சட்டம் வந்தது. பால், சோப்பு, செருப்பு, குழந்தையின் இருமல் மருந்து, எதைத் தொட்டாலும் வரி. முடிவெட்டினால் அதற்கும் வரி. கடைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் வீட்டிலேயே ஒருத்திக்கு ஒருத்தி வெட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். வாடகை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இன்று அவளை மாடிக்கு விரட்டியது பள்ளிக்கூட ஆயாவின் தலைமுடி. ஆயாவுக்கு முழங்கால்வரை முடி. தெருவே கண் வைக்கும். வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "ஒட்ட வெட்டிடுங்கக்கா" என்றாள்.

"என்னடி சொல்றே?"

"எண்ணெய்க்கும் சோப்புக்கும் கட்டுப்படியாகல. அவருக்கு ரெண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கிப் பாத்தேன். குளிக்கப் போன இடத்துல மயங்கி விழுந்துட்டாரு. இந்த முடியை வாங்கிக்கிறேன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு."

கத்தரி அக்கா வெட்ட ஆரம்பித்தாள். ஆயா கோபப்படவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான் ஓட்டுப் போட்டேன்க்கா" என்று மட்டும், ஏதோ ஊர்ச் செய்தி சொல்வதைப்போலச் சொன்னாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

துணியில் ஒட்டிய அந்த முடியோடுதான் இப்போது அண்ணன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"வரி போனது எனக்கு. வாடகை குடுக்கிறது நீ. ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடுறே?" என்றார் அண்ணன்.

"முடிச்சுப் போட்டது நீங்கதாண்ணா. என் நாற்காலியில உக்காந்துக்கிட்டு."

"சொன்னேன், இல்லேங்கல. இப்ப பக்கத்து வீடு விலைக்கு வருது. வாங்கலாம்னு இருக்கேன். கை இறுக்கம்."

"அதுக்கு எவ்வளவு வரி வரும்?"

அண்ணன் சிரித்துவிட்டார். "வீட்டுக்கு ஏதும்மா வரி? அது சொத்து. சரக்குக்குத்தான் வரி."

மாத்திரை சரக்கு. எண்ணெய் சரக்கு. வீடு சரக்கில்லை. அவள் மெதுவாகக் கேட்டாள். "வரி கட்ட முடியாதுன்னுதானே என் பாதியை உங்க பேருக்கு எழுதிக் குடுத்தேன்? இப்ப வரியே இல்லையேண்ணா. என் பாதி என்ன ஆச்சு?"

அண்ணன் பதில் சொல்வதற்குள் அண்ணி பொங்கிவிட்டாள். "நல்லா இருக்கே உன் நியாயம்! இத்தனை வருஷமா நீ குடுத்த வாடகை அப்படியே வீட்டு வரிக்கே சரியாப் போச்சு. அதுல நான் ஒரு சேலை கண்டேனா? இப்பத்தான் அந்தக் காசு நம்ம கையில நிக்குது. அதுவும் உனக்குப் பொறுக்கலையா?"

"நீ வாயை மூடுடி!" என்று கத்தினார் அண்ணன்.

தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அண்ணிக்குப் புரியவில்லை. கத்தரி அக்காவுக்குப் புரிந்துவிட்டது. வரி கட்ட வக்கில்லாதவள் என்று பங்கை வாங்கிக்கொண்டார்கள். அந்த வரியை இத்தனை வருஷமாகக் கட்டியது அவள்தான். தான் கட்டிய வரிக்குத் தானே கூனிக் குறுகி, வாசலில் நின்றவருக்குத் தண்ணீரும் கொடுத்திருக்கிறாள்.

அவள் அழவில்லை. இறங்கிப் போய்க் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் கிடந்த முடியைப் பெருக்கக்கூடத் தோன்றாமல் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஆயா வீட்டுக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆயா காதில் விழுந்தது தெருவின் காதில் விழாமல் இருக்குமா? பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கடைக்கு வந்தார்கள். சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. சண்டைபோட்டு முடித்தபிறகு அவர்களும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். "கூடப் பிறந்தவளையே ஏமாத்தினவன் நம்மளை விட்டுவைப்பானா?" என்றாள் ஒருத்தி.

மாதம் பிறந்தது. வாடகை மாடிக்குப் போகவில்லை.

சட்டம் வர உழைத்ததற்காகத் தெருமுனையில் அண்ணனுக்குப் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. அன்று காலை முடிவெட்டிக்கொள்ள வந்தவர், பெஞ்சு நிறையப் பெண்களைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"வாடகை வரலையேம்மா?"

"வராதுண்ணா."

"அப்ப காலி பண்றியா?"

"பண்ண மாட்டேன். பாதி வீடு என்னுது."

"எழுதிக் குடுத்திருக்கே. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு. கோர்ட்டுக்கு வேணும்னாலும் போங்க. எதுக்காக எழுதி வாங்கினீங்க, அந்த வரியை யார் காசுல கட்டினீங்கன்னு அங்கே கேப்பாங்க. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க. அவங்க பொய் சொல்லத் தெரியாதவங்க."

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணன் முகம் கறுத்தது. வெட்டாத தலையோடு மேலே போனார். சற்று நேரத்தில் கடையில் விளக்கும் விசிறியும் நின்றன. மெயின் சுவிட்ச் மாடியில்.

நாற்காலியின் ஒரு பக்கத்தைக் கத்தரி அக்கா பிடித்தாள். மறுபக்கத்தைப் பெஞ்சிலிருந்து எழுந்துவந்த ஒருத்தி பிடித்தாள். வாசலில் வெயில் விழும் இடத்தில் போட்டார்கள். ஆயா சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெயில் ஏறியபோது தெருமுனையில் ஒலிபெருக்கி முழங்க ஆரம்பித்தது. அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். ஏழை எளியவர்களின் சுமை இறங்கிவிட்டது என்றார். இனி ஒவ்வொரு வீட்டிலும் விடிவுதான் என்றார். வரியை இன்னும் கொஞ்சம் கூட்டினால் இன்னும் நல்லது நடக்கும், அதற்கும் தாய்மார்கள் ஆதரவு தர வேண்டும் என்றார்.

நாற்காலியில் இருந்த பெண் பழக்க தோஷத்தில் அதைக் கேட்டுக்கொண்டே, ஆமாம் ஆமாம் என்பதுபோல அசைந்தாள்.

கத்தரி அக்கா அவள் உச்சந்தலையில் கையை வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"தலையாட்டாதே" என்றாள்.