வள்ளூர் தாவீது எழுதிய அபிப்பிராயம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவன் நான்தான் என்பதால் அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன புரட்டாசியில் நெல்லூரிலிருந்து திரும்பும்போது ஆரம்பாக்கத்தில் வண்டி நின்றது நின்றதுதான். முன்னால் எங்கோ சரக்கு வண்டி தடம் புரண்டுவிட்டதாம். ஆந்திரா தனியாகப் பிரிந்து போன பிறகு நம் ராஜ்யம் வடக்கே முடிகிற இடம் அது. சுற்றிலும் நெல் வயல், ஒரு ஸ்டேஷன், எதிரே ‘ஹனீப் போர்டிங் அண்ட் லாட்ஜிங்’. நாலே அறை. எனக்கு மூன்றாம் நம்பர் வாய்த்தது. கட்டிலில் நான் தனியாள், மூட்டைப்பூச்சிகள் குடும்ப சகிதம். ஜன்னலைத் திறந்தால் ஒரு முழத்தில் பக்கத்துச் சுவர். காபி உப்புக் கரித்தது. கேட்டால் கிணறே அப்படித்தான் என்றார்கள். பிரியாணி என்று கொண்டு வைத்ததில் ஆட்டின் சம்பந்தம் வாசனையோடு முடிந்துவிட்டது.

காலையில் கிளம்பும்போது குமாஸ்தா ஒரு பைண்டு நோட்டைக் கொண்டுவந்து பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அபிப்பிராயப் புத்தகமாம். பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் மாதிரி அவர் நின்ற நிலையைப் பார்த்து எனக்கு மனசு இளகிவிட்டது. ‘இங்கே தங்கிய ஓர் இரவில் என் வீட்டையே மறந்துவிட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து இதைப் பெரிய ஹாஸ்யமாக என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “மறந்தீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உலை வைக்கப் போனாள்.

கதை அங்கேதான் ஆரம்பித்தது. மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

எப்படித் தொடங்குவது என்பதில் ஒரு வாரம் போயிற்று. சில ஆரம்பங்களை அடித்துவிட்டேன், ஆனாலும் கிழித்துப் போட மனசு வரவில்லை:

சுப்பராயன் ஜன்னலோரம் நின்று தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் பழவேற்காட்டு ஏரி வெள்ளித் தகடாக— (தொடுவானம் எங்கே தெரியும்? அங்கே சுவர்.)

விடுதி என்பது மனித வாழ்க்கையின் ஒரு— (இதை முடித்தால் உபன்யாசம் ஆகிவிடும்.)

அவள் வந்தாள். (யார்? எதற்கு? பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

கடைசியில், எது நடந்ததோ அதை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். கற்பனை வறண்டவர்கள் எல்லோரும் செய்வது அதுதான்.

3

சுப்பராயன் என்று நான் பெயர் வைத்திருக்கும் அந்தக் குமாஸ்தாவுக்கு வயது ஐம்பது. இளவயதில் பத்திரிகைக்கு ஏழு கதை அனுப்பி, ஏழும் ஒழுங்காகத் திரும்பி வந்த அனுபவஸ்தர். ஹனீப் பாயின் விடுதியில் அவருடைய வேலை, வருகிறவர்கள் பெயரைப் பதிவது, சாவி கொடுப்பது, தண்ணீர் ஏன் கரிக்கிறது என்று விளக்கம் சொல்வது.

அபிப்பிராயப் புத்தகம் ஐந்து வருஷத்துக்கு முந்தி ஹனீப் பாய்க்கு வந்த யோசனை. மதராஸில் ஏதோ பெரிய ஹோட்டலில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆனால் ஆரம்பாக்கத்தில் தங்குகிறவர்கள் இறால் வியாபாரிகள், கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்க வருகிறவர்கள், வண்டியைத் தவறவிட்டவர்கள். பாதிப் பேருக்கு எழுத வராது. எழுத வந்த மீதிப் பேர் எழுதியதை ஹனீப் பாயே கிழித்துப் போட்டார்.

“சுப்ராயா, புக்கு காலியா கீதே. பாக்கறவன் இன்னா நெனப்பான்? எழுதத் தெரியாதவங்க சொல்லச் சொல்ல நீ எழுதேன்.”

“அவங்க சொல்றத எழுதினா நீங்க கிழிச்சுடுவீங்களே பாய்.”

“அப்ப நல்லா சொல்றவங்க சொன்னத எழுது.”

நல்லதாகச் சொன்னவர் யாருமில்லை. சுப்பராயன் பேனாவை எடுத்தார். முதல் அபிப்பிராயத்தை எழுதி முடித்தபோது இருபது வருஷமாகத் திரும்பி வராத ஒரு சந்தோஷம் அவருக்குத் திரும்பி வந்தது. இந்தக் கதை திரும்பி வராது. அச்சாகாவிட்டால் என்ன, வருகிறவர்களெல்லாம் படிப்பார்கள்.

பெயரோடு ஊரும் போட்டால்தான் நம்புவார்கள் என்பது ஹனீப் பாயின் கட்டளை. எனவே ரயில்வே அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஒருவராக எழுதினார். எளாவூர் கோபால் ‘இளநீர் போன்ற கிணற்று ஜலம்’ என்றார். பொன்னேரி அசன் முகைதீன் ‘கொசு என்ற பிராணியே இல்லாத இடம்’ என்றார். ஸ்டேஷன் தீர்ந்ததும் ஸ்டேஷன் இல்லாத ஊர்களுக்குப் போனார்.

ஒருநாள் ஹனீப் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினார். “நம்மாளுங்க கீறாங்க, உங்காளுங்க கீறாங்க. கிறிஸ்துவங்க ஒருத்தரும் வர்லியா? தப்பா நெனப்பாங்கப்பா. ஒண்ணு போடு.”

சுப்பராயன் போட்டார்.

தாவீது, வள்ளூர். 14-3-1956. இங்கே தங்கிய ஓர் இரவில் என் வீட்டையே மறந்துவிட்டேன்.*

* ஆமாம், அது என் வாக்கியம். என் பொய்யைத் தூக்கி ஒரு ஏழைக் குமாஸ்தாவின் கையில் கொடுத்துவிட்டேன். எழுத்தாளன் என்றால் இதற்கெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார முடியாது.

4

ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. வெள்ளைப் புடவையில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் விடுதிப் படியேறி வந்தாள். கையில் மஞ்சள் பை.

“ரூமா வேணும்?” என்றார் சுப்பராயன்.

“இல்லீங்கண்ணா. இங்க ஒரு புக்கு கீதாமே, வந்தவங்க எழுதற புக்கு. அத்தப் பாக்கணும்.”

சுப்பராயனுக்குப் புல்லரித்துவிட்டது. புத்தகத்தைப் படிப்பதற்கென்றே ரயிலேறி ஒரு வாசகி வந்திருக்கிறாள்! பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். உப்புக் கரிக்காத சோடா ஒன்று வரவழைத்தார்.

அவள் பெயர் சாராள். வள்ளூர்க்காரி, உப்பளத்தில் வேலை. புருஷன் கூடூர்ப் பக்கம் மைக்கா சுரங்கத்துக்குக் கூலியாகப் போனான். ஒரு வருஷம் கழித்து, கூடப் போனவன் திரும்பி வந்து, சுரங்கம் சரிந்ததில் ஆள் போய்விட்டான் என்றான். உடம்பு கிடைக்கவில்லை. அது மூன்று வருஷத்துக்கு முந்தி. இப்போது உப்பளத்து மேஸ்திரி சின்னராசு என்கிற, பெண்சாதியை இழந்த மனுஷன், அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். கோயிலில் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறும் ஆட்சேபம் இல்லாமல் வாசித்துவிட்டால் கல்யாணம்.

இதற்கிடையில் அவர்களுடைய கோயில் உபதேசியார் போன வாரம் வண்டியைத் தவறவிட்டு ஹனீப் லாட்ஜில் தங்கியிருக்கிறார். மூட்டைப்பூச்சி தூங்கவிடவில்லை. படிக்க வேறொன்றும் இல்லாததால் அபிப்பிராயப் புத்தகத்தைப் படித்திருக்கிறார்.

“உங்க வீட்டுக்காரர் பேரு—” என்று இழுத்தார் சுப்பராயன்.

“தாவீதுண்ணா.”

5

[இங்கே நிறுத்துகிறேன். என் நண்பர் ஒருவர் இதுவரை படித்துவிட்டு, “இது நம்பும்படியாக இல்லை. இப்படியா பேர் பொருந்தும்?” என்றார். நண்பர் மயிலாப்பூர்வாசி. வள்ளூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவத் தெரு எதிலாவது நின்று “தாவீது!” என்று கூப்பிட்டுப் பார்க்கட்டும், நாலு வாசலிலிருந்து பதில் வரும். இது சுப்பராயனுக்கும் தெரியாது, ஹனீப் பாய்க்கும் தெரியாது. ‘கணக்குக்கு ஒண்ணு’ போடுகிறவர்கள் அந்தத் தெருவுக்குள் ஒருநாளும் போனதில்லை.

நானும் போனதில்லை. சாராளைப் பற்றி எனக்கு இருக்கிற சந்தேகமும் அதுதான். இவள் என் வசதிக்காக அழுவாளோ என்று பயமாக இருக்கிறது. ஒருமுறை அழவைத்துப் பார்த்தேன். நன்றாக வரவில்லை. அடித்துவிட்டேன்.]

6

அவள் அழவில்லை. பக்கத்தைத் தேடி எடுத்து, வேதம் படித்துப் பழகிய விரலை வரியின் மேல் வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

“அவருக்குக் கையெழுத்தே வராதேண்ணா.”

நல்ல வாய்ப்பு! ‘அப்படியானால் இது வேறு தாவீது’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்து வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது. உள்ளே ஹனீப் பாய் செருமுவதும் கேட்டது.

“எழுத வராதவங்க சொல்லச் சொல்ல நான்தாம்மா எழுதறது” என்றார் சுப்பராயன்.

“அப்ப நீங்க பாத்தீங்களா அவர?”

“பா... பாத்தேன்.”

“எப்டி இருந்தாரு?”

“கறுப்பா... ஒசரமா...”

“ஒசரம் இல்லீங்களே.”

“ஒசரம்னா, ரொம்ப ஒசரம் இல்ல. சுமாரா.”

“ஆமா, சுமாராதான் இருப்பாரு” என்றாள் அவள். “நெத்தில தழும்பு இருந்திச்சா?”

“இருந்த மாதிரிதான் ஞாபகம்.”

சுப்பராயனுக்குப் பயமாகிவிட்டது. அவர் எழுதிய கதைகளில் எந்தப் பாத்திரமும் இவ்வளவு சீக்கிரம் உயிர் பெற்றதில்லை. ஒரு வரிதான் அவர் போட்டார். உயரமும் தழும்பும் அவளே போட்டுக்கொண்டாள். இதோ, தாவீது மார்ச் மாதம் பதினாலாம் தேதி இந்த பெஞ்சில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறான்.

சாராள் புத்தகத்தை மூடினாள்.

“இங்கேந்து வள்ளூருக்கு எவ்ளோ நேரம்ணா? காலைல ஏறினேன், வந்துட்டேன். இவ்ளோ கிட்ட வந்தவரு...” சற்று நேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “செத்துட்டாருன்னுதான் மூணு வருசமா வெள்ள கட்டிக்கினு கெடக்கறேன். உயிரோட இருந்து, இங்க வந்து படுத்து எழுந்து, ஊட்ட மறந்துட்டேன்னு எழுதி வெச்சிட்டுப் போயிருக்காருன்னா, நான் எதுக்குண்ணா அழுதேன்?”

ஒரு விடுதிக்கு நல்ல பெயர் வாங்கித்தர எழுதிய வரி அது. ஐந்து மாதமாக அதை யாரும் ஒரு பொருட்டாகப் படித்ததுகூட இல்லை. முதல்முதலாக ஒருத்தி நம்பிப் படிக்கிறாள். சுப்பராயனுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது.

“சின்னராசு நல்ல மனுசந்தான்” என்றாள் அவள். “ஆனா இவரு உயிரோட கீறாருன்னா அது நடக்காது. பாதிரியார் ஐயா கண்டிசனா சொல்லிட்டாரு. லாட்ஜுல பாத்தவங்க கையால எழுதி வாங்கியான்னாரு. நீங்க பாத்தது நெசம்னா நெசம்னு எழுதுங்க. இல்லன்னா இல்லன்னு எழுதுங்க. உங்க பேரு, உங்க ஊரு போட்டு, தேதி போட்டு. ரெண்டு நாப்பது பாசஞ்சர புடிக்கணும்.”

ஹனீப் பாய் வெளியே வந்தார். விஷயம் முழுக்க அவர் காதில் விழுந்திருந்தது. சாராளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, சுப்பராயனைத் தனியே இழுத்தார்.

“இன்னாப்பா இது பேஜாரு? இது ஒண்ணு பொய்யின்னு எழுதினா மொத்த புக்கும் பொய்யின்னு ஆயிடாதா? நாலு ஊருக்கு நாறிடும். அப்புறம் நீ இங்க எப்டி உக்காருவே?” என்றவர், அவள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “பாவம்தான், இல்லேங்கல...” என்று முணுமுணுத்தபடி உள்ளே போய்விட்டார்.

7

முடிவு மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: ரெண்டு நாப்பது பாசஞ்சரிலிருந்து தாவீதே இறங்குகிறான். நெற்றியில் தழும்போடு. (பத்திரிகைக்காரர்களே, ஆசைப்படாதீர்கள்.)

இரண்டு: சுப்பராயன் ‘நெசம்’ என்று எழுதுகிறார். ஓலை நிற்கிறது. சின்னராசு வேறு பெண் பார்க்கிறார். சாராள் வெள்ளைப் புடவையை எடுத்து வைத்துவிட்டு, தன்னை மறந்துபோன ஒருவனுக்காக ஆயுசு முழுக்க வாசலைப் பார்க்கிறாள். விடுதி பேரோடு நடக்கிறது.

மூன்று: சுப்பராயன் உண்மையைச் சொல்கிறார். அவள் அவரை அறையப்போகிறாள் என்று எதிர்பார்த்துக் கன்னத்தைக்கூடத் தயாராக வைத்திருக்கிறார். அவள் கை ஓங்கவில்லை. “அப்ப அவரு ஊட்ட மறக்கலியா?” என்று கேட்கிறாள். அப்போதுதான் அழுகிறாள். இந்த அழுகையை நான் எழுதவில்லை, அடிக்கவும் முடியவில்லை.

மூன்றாவதுதான் நல்ல முடிவு என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் தெரியும். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்வது சுலபம். மூட்டைப்பூச்சி கடித்த மறுநாள் காலையில் ஒரு வரி உண்மை எழுத எனக்கே துணிவில்லை. ஐம்பது வயசில், வேறு போக்கிடம் இல்லாத மனுஷனை எழுதச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை?

8

மணி ரெண்டு முப்பத்தைந்து. ஸ்டேஷன் கைகாட்டி இறங்கிவிட்டது. சாராள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். சுப்பராயன் புதுப் பக்கம் புரட்டி, ஐந்து வருஷத்தில் முதல்முறையாகத் தன் சொந்தப் பெயரை அந்தப் புத்தகத்தில் எழுதுகிறார்.

சுப்பராயன், ஆரம்பாக்கம். 23-8-1956.

அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அவர் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.

இந்தாருங்கள் பேனா. மூடியைக் கழற்றித்தான் கொடுக்கிறேன். கீழே இடம் விட்டிருக்கிறது. என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். அவள் எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படிப்பாள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அபிப்பிராயம்: